வயதான செல்லத்துக்குப் பிறந்தநாள்: கேக்குக்கு முன்னும் பின்னும்

2023 மே மாதம் போர்ச்சுகலில் கொன்கெய்ரோஸ் என்ற சின்ன கிராமத்தில் ஒரு பிறந்தநாள் விருந்து நடந்தது. நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஊர்ப் பக்குவத்தில் இறைச்சியும் மீனும் பரிமாறப்பட்டன, நடனக் குழுவும் வந்து ஆடியது. பிறந்தநாள் கொண்டாடியவர் போபி, ரஃபேரோ தோ அலென்தேஜோ என்ற காவல் இனத்து நாய். வயது 31 என்றார்கள். உலகிலேயே மிக முதிய நாய் என்று அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் கின்னஸ் பட்டம் கொடுத்திருந்தது. அக்டோபரில் போபி இறந்தது. 2024 பிப்ரவரியில் கின்னஸ் அந்தப் பட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அதன் பிறந்த தேதிக்குப் போதுமான சான்று இல்லை என்பதுதான் காரணம்.

பட்டம் போனால் போகட்டும். தேதி சரியோ தப்போ, அந்த ஊரில் ஒரு கிழ நாயைச் சுற்றி நூறு பேர் கூடினார்கள். இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது அந்தக் கூட்டமும் அல்ல. வீட்டில் ஒரு நாயோ பூனையோ கிழமாகிக்கொண்டு வரும்போது, அதன் பிறந்தநாளை எப்படி உருப்படியாகப் பயன்படுத்துவது என்பதுதான் இங்கே விஷயம். தடுப்பூசித் தேதியை மறக்கும் வீடுகூடச் செல்லத்தின் பிறந்தநாளை மறப்பதில்லை. அதனால் மருத்துவப் பரிசோதனை, எடை, பல், படுக்கை எல்லாவற்றையும் அந்தத் தேதியில் கோத்துவிட்டால், கேக் வெட்டுவதற்கும் ஒரு அர்த்தம் வந்துவிடும்.

முதலில் தேதியை முடிவு செய்தல்

கடையிலோ வளர்ப்பவரிடமோ வாங்கிய குட்டி என்றால் தடுப்பூசி அட்டையில் பிறந்த தேதி இருக்கும். தெருவிலிருந்து தூக்கி வந்த நாட்டு நாய்க்கு அது கிடையாது. அப்படிப்பட்ட வீடுகளுக்கு இரண்டு வழிகள் உண்டு.

குட்டியாக வந்திருந்தால், அப்போது எடுத்த புகைப்படத்தைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் கணக்குப் போடலாம். பிறந்து 10 முதல் 14 நாளில் கண் திறக்கும். மூன்றாவது வாரத்துக்குமேல் பால் பல் முளைக்கும். நான்காவது மாதவாக்கில் முன்பற்கள் விழுந்து நிரந்தரப் பல் வரத் தொடங்கும். ஏழு மாதத்துக்குள் 42 பற்களும் வந்துவிடும். வளர்ந்த பிறகு வந்த நாய்க்கு வயதைத் தோராயமாகத்தான் சொல்ல முடியும். அதற்கு வீட்டுக்கு வந்த நாளையே பிறந்தநாளாக வைத்துக்கொள்வது நல்லது. இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. வடகோளத்தில் பந்தயக் குதிரைகள் எந்த மாதம் பிறந்தாலும் ஜனவரி 1-ஆம் தேதிதான் எல்லாவற்றுக்கும் வயது கூடுகிறது.

முடிவு செய்த தேதியைத் தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்தில் பேனாவால் எழுதி, பக்கத்தில் 'தோராயம்' என்றும் குறித்துவிடுங்கள். மருந்தளவு, மயக்க மருந்து பற்றி முடிவெடுக்க நேரும்போது மருத்துவருக்கு அந்த ஒரு சொல் உதவும்.

கிழம் என்பது எந்த வயதில்?

நாயின் ஒரு வருடம் மனிதருக்கு ஏழு வருடம் என்ற கணக்கை விட்டுவிடலாம். 2020-இல் கலிஃபோர்னியா விஞ்ஞானிகள் லாப்ரடார் நாய்களின் மரபணுவில் ஏறும் வேதிக் குறிகளை மனிதருடையவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு வயது லாப்ரடார் அந்தக் கணக்கில் ஏற்கெனவே முப்பதைத் தாண்டியிருந்தது. நான்கு வயதில் ஐம்பது சொச்சம். அதன்பின் வேகம் குறைந்து, பன்னிரண்டில் எழுபதை ஒட்டி நின்றது. அதாவது நாய் சட்டென்று நடுவயதுக்கு வந்து, பிறகு நிதானமாகக் கிழமாகிறது.

வீட்டுக்கு வேண்டிய கணக்கு இன்னும் சுலபம். அந்த இனத்தின் சராசரி ஆயுளில் கடைசிக் கால் பங்கு முதுமை. பெரிய உடம்புக்காரர்கள் சீக்கிரம் கிழமாகிறார்கள். கிரேட் டேனுக்கு ஆறு வயதே முதுமையின் வாசல். லாப்ரடாருக்கு ஒன்பது. நடுத்தர உடம்பு நாட்டு நாய்க்கு ஒன்பது, பத்து. பொமரேனியனுக்குப் பதினொன்று. பூனை என்றால் பத்தைத் தாண்டியதும் கிழம். ஆனால் பூனை அதை வெளியே காட்டாது. டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் வாழ்ந்த க்ரீம் பஃப் என்ற பூனை 38 வயதும் மூன்று நாளும் இருந்து 2005-இல் இறந்தது. அது விதிவிலக்கு. அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

இரண்டு வாரம் முன்பு: வீட்டிலேயே எடுக்க வேண்டிய கணக்கு

கேக் ஆர்டருக்கு முன்னால் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். போகும்போது வெறுங்கையோடு போகாமல் கீழே உள்ளவற்றைத் தயார் செய்துகொண்டு போனால், கிளினிக்கில் கிடைக்கும் பத்து நிமிடம் முழுசாகப் பயன்படும்.

1. எடை. தூக்கக்கூடிய உடம்பு என்றால், அதைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பாருங்கள். ஐந்து கிலோ பூனை அரைக் கிலோ இளைத்தால் அது எழுபது கிலோ மனிதர் ஏழு கிலோ இளைத்ததற்குச் சமம். கண்ணுக்குத் தெரியாது, மெஷினில்தான் தெரியும்.

2. தண்ணீர். காலையில் ஒரு லிட்டர் பாட்டிலில் அளந்து கிண்ணத்தில் ஊற்றி, மறுநாள் காலை மீதியைக் கழியுங்கள். மூன்று நாள் செய்தால் போதும். பத்துக் கிலோ நாய் நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால், நான்கு கிலோ பூனை 200 மில்லிக்கு மேல் குடித்தால், சிறுநீரகம், சர்க்கரை, ஹார்மோன் என்று ஏதோ ஒன்றைச் சோதிக்க வேண்டியிருக்கும்.

3. மூச்சு. நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. முப்பதைத் தாண்டாமல் இருக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை எண்ணியும் முப்பதுக்கு மேல் போனால் பிறந்தநாள் வரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். இதயத்தின் முதல் முறையீடு பல நேரம் இப்படித்தான் வருகிறது.

4. வீடியோ. படுத்திருந்து எழுவது, படி ஏறுவது, நடப்பது, இவற்றைச் செல்போனில் எடுங்கள். கிளினிக்கில் பயத்தில் நொண்டியும் மறைந்துவிடும்.

5. சிறுநீர். இதற்கு நீளக் காம்புக் குழிக் கரண்டிதான் சரியான கருவி. காலையில் முதல் தடவை வெளியே போகும்போது, நாய் காலைத் தூக்கியோ குந்தியோ இரண்டு வினாடி ஆனபின் கரண்டியைப் பின்பக்கமிருந்து மெதுவாக நீட்டுங்கள். முன்னால் காட்டினால் பாதியில் நிறுத்திவிடும். சுத்தமான மூடி போட்ட டப்பாவில் ஊற்றி இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்தக் கரண்டி அதன்பின் சமையலறைக்குத் திரும்பக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

6. தடவிப் பார்த்தல். தலையிலிருந்து வால் வரை விரல் நுனியால் தடவி, கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது என்று தாளில் எழுதுங்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வாய் நாற்றம் முதுமையின் வாசனை அல்ல. பல் நோயின் வாசனை.

ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டுமா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். இன்சுலின் போடும் செல்லத்தை மருத்துவர் சொல்லாமல் பட்டினி போடக் கூடாது. ரேபிஸ் தடுப்பூசியைக் 'கிழமாயிடுச்சே, எதுக்கு' என்று விடுவதும் தப்பு. தேதி தவறாமல் போட வேண்டும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு 1903 முதல் இயங்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை ஒரு வசதி. பக்கத்து கிளினிக்கில் செய்ய முடியாத சோதனைகளுக்கு அங்கே போகலாம். கூட்டம் இருக்கும். கிழ நாயோடு போவதானால் காலையில் முதல் ஆளாகப் போய், தண்ணீரும் படுக்க ஒரு துணியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முக்கியமான குறிப்பு. முதுமையில் ஒரு வருடம் என்பது நீண்ட இடைவெளி. ஆறாவது மாதத்தில் 'அரைப் பிறந்தநாள்' என்று ஒன்றை வைத்து அன்றைக்கும் இதே பரிசோதனையைச் செய்யுங்கள். அதற்குக் கேக் கட்டாயமில்லை.

'வயசாயிடுச்சு, அதான்' என்ற தவறு

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நாய் படியின் கீழே வந்து நிற்கிறது. ஒரு காலை வைக்கிறது, எடுக்கிறது, வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்க்கிறது, பிறகு அங்கேயே படுத்துவிடுகிறது. 'சோம்பேறி ஆயிட்டான்' என்பார்கள். அது பெரும்பாலும் மூட்டு வலி. பன்னிரண்டு வயது தாண்டிய பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில் 90 சதவீதத்துக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஆனால் பூனை நொண்டாது. பீரோ மேல் தாவுவதை நிறுத்திவிடும். முதுகை நக்கிச் சுத்தம் செய்ய முடியாமல் அங்கே மட்டும் முடி சடை விழும். மலத்தட்டின் விளிம்பைத் தாண்ட வலித்தால் அதற்கு வெளியே போய்விடும். அதற்காக அடி வாங்கும் கிழப் பூனைகள் எத்தனையோ.

மூளையும் தேயும். 2001-இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஆய்வில் 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும், 15, 16 வயது நாய்களில் 68 சதவீதத்துக்கும் குழப்பத்தின் ஒரு அறிகுறியாவது தெரிந்தது. கதவு திறக்கும் பக்கத்தை விட்டுக் கீல் பக்கம் போய் நிற்பது, ராத்திரி முழுக்க நடப்பது, சுவரைப் பார்த்து நிற்பது, பழகிய ஆளிடம் விலகிப் போவது எல்லாம் இதில் சேரும். முழுசாகக் குணமாகாது என்றாலும் மருந்து, உணவு, ஒழுங்கான நேரம் ஆகியவற்றால் தள்ளிப்போடலாம். மூட்டு வலிக்கு நல்ல மருந்துகள் உண்டு. மருத்துவர் எழுதியதை மட்டும் கொடுங்கள். வீட்டு மருந்துப் பெட்டியிலிருக்கும் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சூடு வந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் அது நிறையத் தண்ணீர் குடித்து, சாப்பிடாமல், சோர்ந்து கிடந்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். வெளியே ஒழுகினாலும் ஒழுகாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மறுநாள் என்பது சில நேரம் தாமதமாகிவிடும்.

வீட்டைத் தயார் செய்தல்

மொசைக், டைல்ஸ், கிரானைட். நம் வீட்டுத் தரைகள் கிழ நாய்க்கு ஐஸ் மாதிரி. எழும்போது பின்கால் வழுக்கி இரண்டு பக்கமும் விரிவதைப் பார்த்திருப்பீர்கள். பலூன் வாங்கும் காசை இங்கே போடலாம்.

1. படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும், அங்கிருந்து வாசல் வரைக்கும் ரப்பர் அடி வைத்த மிதியடிகளை இடைவெளி விடாமல் போடுங்கள். கோணிச் சாக்கு போட்டால் அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு வேண்டும். இல்லாவிட்டால் சாக்கே வழுக்கும்.

2. நகத்தை வெட்டி, பாதத்தின் அடியில் மெத்தைகளுக்கு நடுவே வளர்ந்த முடியைக் குறையுங்கள். நடக்கும்போது டக் டக்கென்று சத்தம் வந்தால் நகம் நீளம்.

3. பழைய பருத்தி மெத்தையை மடித்து, நான்கு விரல் கனத்துக்குப் படுக்கை செய்யுங்கள். வெறும் தரையில் படுத்தே முழங்கைகள் காய்த்துப்போகின்றன. மேலே பழைய புடவையைச் சுற்றிவிட்டால் துவைக்கச் சுலபம்.

4. ராத்திரியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். கண் மங்கியதற்கு அது கைத்தடி.

5. பார்வை போன செல்லம் இருக்கும் வீட்டில் பிறந்தநாளுக்காக சோபாவையும் நாற்காலியையும் நகர்த்தாதீர்கள். அது வீட்டின் வரைபடத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது.

இட்லித் தட்டில் ஒரு கேக்

கடையில் விற்கும் நாய்க் கேக்கில் என்ன இருக்கிறது என்று பேக்கரிக்காரருக்கே சில நேரம் தெரிவதில்லை. வீட்டில் செய்வது நல்லது. அளவுதான் முக்கியம். ஒரு நாள் உணவின் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டமாகப் போகக் கூடாது. பத்துக் கிலோ கிழ நாய்க்கு அது சுமார் 50 கலோரி. ஒரு இட்லி அளவு.

தேவையானவை (நான்கு இட்லிக்கு): முட்டை ஒன்று, அவித்து மசித்த மஞ்சள் பூசணி இரண்டு மேசைக்கரண்டி, எலும்பில்லாமல் வேகவைத்துப் பிய்த்த கோழிக்கறி இரண்டு மேசைக்கரண்டி, அரிசி மாவு இரண்டு மேசைக்கரண்டி. உப்பு, சர்க்கரை, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது.

1. கோழியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, தோலையும் கொழுப்பையும் எடுத்து, எலும்பு ஒரு துணுக்கும் இல்லாமல் விரலால் தேடிப் பிய்க்கவும்.

2. முட்டையை அடித்து, பூசணியையும் கோழியையும் சேர்த்து, கடைசியில் மாவைத் தூவிக் கலக்கவும். இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக, கரண்டியில் எடுத்தால் தொப்பென்று விழும் பதம் வேண்டும். பூசணி தண்ணீர் விட்டிருந்தால் மாவு அரைக் கரண்டி கூடுதலாகப் போகும்.

3. இட்லிக் குழியில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி ஊற்றி, பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வேகவைக்கவும். நடுவில் குத்திய ஈர்க்குச்சி ஒட்டாமல் வர வேண்டும்.

4. முழுசாக ஆறவிடவும். கிழ வாய்க்குச் சூடு தெரியாமல் முழுங்கிவிடும். மேலே ஒரு டீஸ்பூன் வடிகட்டிய தயிர் தடவலாம். மெழுகுவர்த்திக்குப் பதில் வேகவைத்த காரட் துண்டு.

பல் இல்லாதவர்களுக்கு இதையே வெந்நீர் விட்டுப் பிசைந்து கொடுக்கலாம். மீதி மூன்றையும் அன்றே வைக்காமல் ஃப்ரீசரில் போடுங்கள். அன்றைய வழக்கமான சாப்பாட்டில் ஒரு பிடி குறைக்க வேண்டும்.

யாருக்கு இந்தக் கேக் கூடாது? சிறுநீரக நோய், சர்க்கரை, கணைய அழற்சி உள்ளவர்களுக்கு, ஒவ்வாமை உணவு முறையில் இருப்பவர்களுக்கு. அவர்களுக்கு மருத்துவர் எழுதிய அதே உணவை ஒரு கிண்ணத்தில் அழுத்திக் கவிழ்த்து உருவம் கொடுத்தால் போதும். புகைப்படத்தில் வித்தியாசம் தெரியாது.

மேசையிலிருந்து தள்ளி வைக்க வேண்டியவை

பிறந்தநாள் அன்று ஆபத்து பெரும்பாலும் மனிதர்களின் தட்டிலிருந்துதான் வருகிறது. பாயசத்திலும் கேசரியிலும் மிதக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தை முடக்கக்கூடியது. எத்தனை தின்றால் ஆபத்து என்று எல்லை சொல்ல முடியாது என்பதால் ஒன்றுகூட வேண்டாம். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் இதயத்தைப் பதறவைக்கும், கறுப்புச் சாக்லேட்டில் அது அதிகம். சர்க்கரையில்லாத சூயிங்கம், மிட்டாய், சில வகைக் கடலை வெண்ணெய் ஆகியவற்றில் சேரும் சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையை அரை மணி, ஒரு மணி நேரத்தில் தடாலென்று இறக்கிவிடும். பிரியாணியின் வெங்காயமும் பூண்டும் ரத்த அணுக்களைச் சிதைக்கும், பூனைக்கு இன்னும் மோசம். அதன் கொழுப்பு கணையத்தை வீங்கவைக்கும். வெந்த எலும்பு கூராக உடையும். விருந்தாளி 'ஒரே ஒரு எலும்பு, ஆசையாப் பார்க்குது' என்று சொல்லும்போது வீட்டுக்காரர் வெட்கப்படாமல் மறுக்க வேண்டும்.

பூவிலும் கவனம் தேவை. நேபாளத்தில் திஹார் பண்டிகையின் ஒரு நாளில் நாய்களுக்கு மாலை போட்டு நெற்றியில் திலகம் வைத்து விருந்து கொடுக்கிறார்கள். குக்குர் திஹார் என்று பெயர். அதைப் பார்த்து ஆசைப்பட்டு மாலை போடுபவர்கள் சாமந்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூஜைக்கு வாங்கும் அரளி மாலை கூடாது. அரளியில் இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். பூனை இருக்கும் வீட்டுக்கு லில்லிப் பூங்கொத்து வரவே கூடாது. அதன் மகரந்தம் மேலே பட்டு நக்கினாலே சிறுநீரகம் போய்விடும்.

பலூன், ரிப்பன், ஜிகினா நூல் ஆகியவையும் வேண்டாம். பூனை விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி அறுக்கும்.

அன்றைய நாள்

நல்ல பிறந்தநாளின் அடையாளம், அது மற்ற நாள் போலவே இருப்பதுதான். மருந்து, சாப்பாடு, நடை எல்லாம் வழக்கமான நேரத்தில் நடக்க வேண்டும். ஏப்ரல், மே மாதப் பிறந்தநாள் என்றால் எல்லாவற்றையும் காலை ஏழுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் வைத்துக்கொள்ளுங்கள். வயதான லாப்ரடார்களுக்குக் குரல்வளை தளர்ந்து மூச்சு இழுக்கச் சிரமப்படும் நோய் வருவதுண்டு. வெயிலும் பரபரப்பும் சேர்ந்தால் அது அவசர நிலை ஆகிவிடும்.

1. காலையில் மோப்ப நடை. அன்று வழியைத் தீர்மானிப்பது நாய். ஒரே மின்கம்பத்தை ஐந்து நிமிடம் முகர்ந்தாலும் இழுக்கக் கூடாது. தூரம் கணக்கில்லை.

2. விருந்தாளிகள் நான்கு பேருக்கு மேல் வேண்டாம், அதுவும் தெரிந்தவர்கள். ஒவ்வொருவராக வந்து தரையில் உட்காரட்டும், நாய் விரும்பினால் போகட்டும்.

3. காது கேட்காத நாயைப் பின்னாலிருந்து தொட்டால் பதறிக் கடிக்கும். வெள்ளை ராஜபாளையம் நாய்களில் பிறவியிலேயே செவிடாகப் பிறப்பவையும் உண்டு. தரையில் காலைத் தட்டி அதிர்வு கொடுத்து எழுப்பி, முன்பக்கமாக வாருங்கள். குழந்தைகளுக்கு இதை முன்பே சொல்லிக்கொடுங்கள்.

4. பாட்டைத் தணிந்த குரலில் பாடலாம். கைதட்டல், விசில், வெடி வேண்டாம். தொப்பி, சட்டை போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு படம் எடுக்கும் நேரம் மட்டும். ஃபிளாஷ் வேண்டாம்.

5. ஒரு அறையை மூடி நாயின் படுக்கையையும் தண்ணீரையும் அங்கே வையுங்கள். கொட்டாவி, உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், வாலை ஒடுக்குதல் தெரிந்தால் விருந்து அதற்கு முடிந்தது. மனிதர்கள் தொடரலாம்.

பூனைக்கு இவ்வளவும் தேவையில்லை. விருந்தாளியே இல்லாத பிறந்தநாள்தான் அதற்குப் பிடித்தது. முள் நீக்கிய வேகவைத்த மீன் ஒரு கரண்டி, வெயில் விழும் இடத்தில் ஒரு துணி, மலத்தட்டின் ஒரு பக்கத்தை வெட்டித் தாழ்த்திய வசதி, அவ்வளவுதான். பூனைவணங்கி என்று பெயர் வாங்கிய குப்பைமேனியின் வேரைத் துணியில் கட்டிக் கொஞ்ச நேரம் முகரவிடலாம். தின்னவிட வேண்டாம். கிண்ணம் நிறையப் பால் வைப்பது சினிமாப் பழக்கம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு வயிற்றோட்டம்தான் மிஞ்சும்.

கூண்டுக் கிளிக்குப் பிறந்தநாள் கொண்டாட நினைப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர்ப் பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வைத்திருப்பதே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

என்ன பரிசு கொடுக்கலாம்?

ஒல்லியான உடம்பு. அதன் விலா எலும்பு, தடவினால் லேசான சதைக்குக் கீழே கைக்குத் தட்டுப்பட வேண்டும். அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவான உணவு கொடுத்து வாழ்நாள் முழுக்கப் பார்த்தார்கள். 2002-இல் வெளியான முடிவின்படி குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோயும் தாமதமாகவே வந்தது. பொறையும் மேரி பிஸ்கட்டும் கையில் வைத்துக்கொண்டு பாசம் காட்டும் தாத்தா பாட்டிகளிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். கேட்பார்கள் என்று உத்தரவாதம் இல்லை. அவர்கள் கையில் ஒரு வெள்ளரித் துண்டைக் கொடுத்துவிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

பொம்மை வாங்குவதைவிட, பழைய துண்டைச் சுருட்டி மடிப்புகளுக்குள் அன்றைய உணவில் ஒரு பிடியை ஒளித்துக் கொடுங்கள். மூக்கு வேலை செய்தால் மூளையும் வேலை செய்யும்.

அடுத்த பிறந்தநாள் சந்தேகமாக இருந்தால்

புற்றுநோய், முற்றிய சிறுநீரக நோய் என்று தெரிந்துவிட்டால் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். நன்றாக இருக்கும் ஒரு நாளையே பிறந்தநாள் ஆக்கிவிடலாம். இந்தக் கட்டத்தில் உதவ, அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த ஒரு அளவுகோல் இருக்கிறது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா, இந்த ஏழுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போட வேண்டும். பத்து என்றால் மிக நன்று. மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் வாழ்க்கைத் தரம் ஏற்கத்தக்கது என்று பொருள்.

வீட்டில் இருவர் தனித்தனியாக வாரம் ஒரு முறை போட்டு ஒப்பிடுங்கள். ஒருவர் பாசத்தில் கூட்டுவார், இன்னொருவர் பயத்தில் குறைப்பார். மதிப்பெண் தொடர்ந்து இறங்கினால் வலியில்லாத முடிவு பற்றி மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம் அது. அந்தப் பேச்சை அவசர இரவில் முதல் தடவையாகப் பேசுவதுதான் குடும்பங்கள் செய்யும் தவறு. எங்கே, யார், வீட்டுக்கு வருவார்களா, அடக்கம் எங்கே என்பதை நிதானமாக இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விருந்துக்குப் பின் 24 மணி நேரம்

வாந்தி, வயிறு உப்பல், தள்ளாட்டம், நடுக்கம், விடாத மூச்சிரைப்பு, சிறுநீர் வராமை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தூங்கவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். கூடாததைத் தின்றுவிட்டது தெரிந்தால் அறிகுறிக்கே காத்திருக்க வேண்டாம். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். உப்பே விஷமாகும். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, உடம்பு எடை என்ன என்று எழுதிக்கொண்டு, கிழிந்த உறையையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். இரவில் திறந்திருக்கும் கிளினிக் எது என்று விருந்துக்கு முந்தின நாளே போன் செய்து உறுதிப்படுத்தி, எண்ணை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்க வேண்டும்.

எல்லாம் நல்லபடி முடிந்தால் ஒரு நோட்டில் அன்றைய எடை, தண்ணீர் அளவு, மூச்சு எண்ணிக்கை, புதுக் கட்டிகள், மருந்துகள், நடக்கும் வீடியோ எந்த போனில் இருக்கிறது என்ற குறிப்பு ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பக்கத்தின் அடியில் ஆறு மாதம் கழித்து வரும் தேதியை எழுதி, அன்றைக்கு மருத்துவரிடம் இப்போதே நேரம் வாங்கிவிடுங்கள்.